நாய்களோடு மூசிலாக் மலையேற்றம்: கோடைக்கால ஒருநாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

மலையில் களைத்துப்போனால் நாம் வாய்விட்டுச் சொல்லிவிடுவோம், இல்லையென்றால் ஒரு பாறையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவோம். நாய் அப்படிச் செய்யாது. நீங்கள் நடக்கிற வரைக்கும் அதுவும் நடக்கும். பாதம் உரிந்திருந்தாலும் உடம்பு கொதித்தாலும், உங்கள் கூடவே வருவதுதான் அதற்கு முக்கியம். ஆகவே எங்கே நிற்பது, எப்போது தண்ணீர் கொடுப்பது, எந்த இடத்தில் திரும்புவது என்ற எல்லா முடிவும் உங்களுடையது. அதில் பாதிக்கு மேல் வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டு யாருக்கும் நல்ல முடிவு எடுக்க வராது.

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். பெரியவள் லாப்ரடார் கலப்பு, கனமான உடம்பு, நிதானம். சின்னவன் ஒல்லி, குட்டை முடி, ஓட்டத்தில் பேய். கோடையில் நாங்கள் விரும்பிப் போகும் மலை நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் மூசிலாக். அந்த ஒரு மலையை வைத்தே முழுப் பயணத்தையும் சொல்கிறேன். வேறு மலைக்குப் போகிறவர்கள் தூரத்தையும் உயரத்தையும் மாற்றிக்கொண்டால் போதும்.

ஏன் இந்த மலை

பாஸ்டன், நாஷுவா பக்கம் இருக்கும் நம் ஆட்கள் மலையேற்றம் என்றதும் முதலில் கிளம்புவது மொனாட்நாக் மலைக்கு. ஆனால் மொனாட்நாக் மாநிலப் பூங்காவில் நாய்களுக்கு அனுமதி இல்லை. மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் மலை இருக்கும் பாக்ஸ்டர் பூங்காவிலும் இல்லை. அமெரிக்காவின் பல தேசியப் பூங்காக்களில் நாயை வாகன நிறுத்தத்தைத் தாண்டிக் கூட்டிப்போக முடியாது. அக்கேடியா போன்ற சில இடங்கள் மட்டுமே விதிவிலக்கு. தேசியக் காடுகள் பொதுவாக அப்படியில்லை. ஒயிட் மவுண்டன் தேசியக் காட்டின் பாதைகளில், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிற வரை, நாய் உங்களோடு நடக்கலாம். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் அந்த மலை யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

நியூ ஹாம்ப்ஷயரில் 4,000 அடிக்கு மேற்பட்ட உச்சிகள் என்று 48 மலைகளைப் பட்டியலிடுவார்கள். அதில் மேற்கோரத்தில் நிற்பது மூசிலாக். உயரம் 4,802 அடி, அதாவது சுமார் 1,464 மீட்டர். உச்சி பெரிய புல்வெளிபோல அகன்று கிடக்கும், நாலு பக்கமும் மலைகள் தெரியும். 1860இல் அந்த உச்சியில் ஒரு விடுதி திறந்தார்கள். 1942இல் அது எரிந்துபோனது. விடுதிக்குக் குதிரை வண்டி போவதற்காகப் போட்ட சாலை இன்றும் கேரேஜ் ரோடு என்ற பெயரில் நடைபாதையாக இருக்கிறது. குதிரைக்காகப் போட்ட சாய்வு என்பதால் நாயின் தோளுக்கும் முட்டிக்கும் அது பெரிய உதவி. இந்த மலையை நான் முதலில் சிபாரிசு செய்ய அதுவே போதுமான காரணம்.

கிழக்குச் சரிவு டார்ட்மவுத் கல்லூரியின் நிலம். அடிவாரத்தில் அவர்களுடைய ரவைன் லாட்ஜ் இருக்கிறது. இப்போதிருக்கும் கட்டடம் 2017இல் திறந்தது.

எந்தப் பாதை

ஏறுவதற்கு கார்ஜ் புரூக் பாதை. லாட்ஜிலிருந்து உச்சிக்குச் சுமார் 3.7 மைல், கிட்டத்தட்ட 2,450 அடி ஏற்றம். பாதையின் முதல் பாதி ஓடையை ஒட்டியே போகும், மரநிழலும் உண்டு. கோடையில் நாய்க்கு இவை இரண்டும்தான் தேவை. இறங்குவதற்கு உச்சியிலிருந்து தெற்கே முகட்டின் வழியாக நடந்து, கேரேஜ் ரோட்டில் இறங்கி, ஸ்னாப்பர் பாதை வழியாக லாட்ஜுக்கு வந்துவிடலாம். மொத்தச் சுற்று ஏழரை மைல், 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கின்ஸ்மன் நாட்ச் பக்கத்திலிருந்து ஏறும் பீவர் புரூக் பாதைக்கு நாயோடு போகாதீர்கள். அருவியை ஒட்டிய செங்குத்தான பாறை, எப்போதும் ஈரம். பாறையில் அடித்த மரப்படிகளும் இரும்புப் பிடிகளும் மனிதக் கைகால்களுக்கானவை. மேற்குப் பக்கத்து கிளென்கிளிஃப் பாதை நடக்கக்கூடியதுதான், ஆனால் மேல்பாதி செங்குத்து, தண்ணீரும் குறைவு. ஃபிராங்கோனியா முகட்டின் படங்களைப் பார்த்துவிட்டு முதல் பயணத்துக்கே அங்கே போக ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அது ஒன்பது மைல் சுற்று. முகட்டில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை, கூட்டமும் அதிகம். கோடையில் நாய்களோடு வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்கள் நாய்க்கு இது முடியுமா

குட்டிகளை இப்படிப்பட்ட ஏற்றத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. பெரிய இனங்களில் எலும்பின் வளர்ச்சி முழுமையாக ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரை ஆகும். அதற்கு முன் மணிக்கணக்கில் பாறை ஏறி இறங்கினால் மூட்டுக்குக் கெடுதல். பக், புல்டாக், ஃபிரெஞ்சு புல்டாக் மாதிரி மூக்கு அமுங்கிய இனங்களைக் கோடை மலைக்குக் கூட்டிப்போகவே கூடாது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் பெரும்பாலான சூட்டை வெளியேற்றும். மூச்சுப் பாதையே குறுகலாக இருக்கும் நாய்க்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. எடை கூடிய நாய், வயதான நாய், இதயக் கோளாறு உள்ள நாய் என்றால் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

சிப்பிப்பாறை போல ஒல்லியான, முடி குறைந்த நாய்களுக்குப் பிரச்சினை வேறு விதம். ஏறும்போது நன்றாக ஏறிவிடும். உச்சிக் காற்றில் நின்றதும் நடுங்க ஆரம்பிக்கும். எங்கள் சின்னவனுக்காக ஜூலையிலும் ஒரு மெல்லிய மேலங்கி பையில் இருக்கும்.

தெருவைச் சுற்றி தினமும் நடக்கும் நாய் மலைக்குத் தயார் என்று அர்த்தமில்லை. ஆறு வாரமாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பாஸ்டனுக்குப் பக்கத்தில் 635 அடி உயர கிரேட் புளூ ஹில்லில் வாரம் ஒருமுறை ஆரம்பிக்கலாம், பிறகு 2,006 அடி வாசுசெட். உடம்பு பழகுவதோடு பாதத்தின் அடிமெத்தையும் இறுகும். புல்தரையிலும் வீட்டுத் தரையிலும் மட்டுமே நடந்த பாதம் பாறையில் இரண்டு மணி நேரத்தில் உரிந்துவிடும். வாசுசெட் ஏறி இறங்கிய மறுநாள் காலையில் நாய் வழக்கம்போல எழுந்து வந்தால், அடுத்த படிக்குப் போகலாம்.

இந்த வாரங்களிலேயே 'நில்', 'வா', 'விட்டுவிடு' ஆகிய மூன்று கட்டளைகளையும் நன்றாகப் பழக்குங்கள். வீட்டு ஹாலில் கேட்பது பத்தாது. எதிரே அணில் ஓடும்போதும் கேட்க வேண்டும்.

ரேபிஸ் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். உண்ணித் தடுப்பு மருந்து நாள் தவறியிருக்கக் கூடாது. தண்ணீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான தடுப்பூசியும் போட்டிருப்பது நல்லது, ஏனென்றால் வழியில் நாய் காட்டுத் தண்ணீரைக் குடிக்கத்தான் செய்யும்.

இரண்டு நாய்கள் என்றால்

ஒரு நாயோடு போவதற்கும் இரண்டோடு போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று உசுப்பிவிடும். சின்னவன் வேகமெடுத்தால் பெரியவள் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் ஓடுவாள். தனியாக இருந்தால் அந்த வேகத்தை அவள் நினைத்தே பார்க்க மாட்டாள். நடையின் வேகத்தை எப்போதும் பலவீனமான நாயை வைத்து முடிவு செய்யுங்கள். வலுவான நாயைப் பின்னால் நடக்க விடுவது எளிய வழி. முன்னால் போகும் நாய்தான் வேகத்தை நிர்ணயிக்கும்.

இரண்டு நாய்க்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒரே கையில் இரண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் இறங்கினால், ஒன்று இடப்பக்கம் இழுக்கும், மற்றது வலப்பக்கம் இழுக்கும், நடுவில் விழப்போவது நீங்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு நாய்க்கு அடிபட்டால் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் மற்ற நாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 30 கிலோ நாயைத் தூக்க வேண்டி வந்தால் இரண்டு பேர் இருந்தாலே சிரமம்.

தண்ணீரும் தீனியும் கொடுக்கும்போது நாலடி இடைவெளி விட்டு, தனித்தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடும் நாய்கள்கூட களைப்பில் ஒன்றின்மேல் ஒன்று சீறும். இரண்டும் சமமாகக் குடித்ததா என்பதும் அப்போதுதான் தெரியும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

மே நடுவிலிருந்து ஜூன் முடியும் வரை அந்தக் காடுகளில் கருப்பு ஈக்களின் ஆட்சி. நாயின் வயிற்றிலும் காதோரத்திலும் கடித்து ரத்தம் வரவைக்கும். மே கடைசியிலும் ஜூனிலும் மூஸ் என்னும் பெரிய காட்டுமான் கன்று ஈன்றிருக்கும். கன்றோடு இருக்கும் தாய் நாயைக் கண்டால் ஓநாயைக் கண்ட மாதிரித்தான் பாயும். ஜூலையில் ஈ குறையும், புழுக்கம் கூடும். எனக்குப் பிடித்தது ஆகஸ்ட் கடைசி வாரம், அதிலும் வாரநாள்.

என் கணக்கு இது: அடிவார ஊர்களில் அன்றைக்கு 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், காற்றில் ஈரமும் அதிகம் என்று முன்னறிவிப்பு சொன்னால் நாய்களோடு போவதில்லை. காற்று ஈரமாக இருந்தால் மூச்சிரைத்தும் சூடு தணியாது. ஒவ்வொரு 1,000 அடிக்கும் வெப்பம் சுமார் மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். ஆக லாட்ஜைவிட உச்சியில் எட்டு ஒன்பது டிகிரி குறைவாக இருக்கும், அதற்கு மேல் காற்று வேறு. கீழே வெந்து, மேலே நடுங்குவது ஒரே நாளில் நடக்கும்.

மவுண்ட் வாஷிங்டன் வானிலை ஆய்வகம் உயரமான உச்சிகளுக்கென்று தினமும் தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. முந்தின இரவும் அன்று விடியலிலும் இரண்டு முறை படியுங்கள். பிற்பகலில் இடி மின்னல் என்று இருந்தால், நண்பகலுக்குள் உச்சிவெளியை விட்டு, மரங்கள் வளரும் உயரத்துக்குக் கீழே இறங்கிவிட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் அன்றைக்கு வேண்டாம்.

பையில் என்ன

தண்ணீர்தான் முதலில். 25 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர், உங்களுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர். ஓடை இருக்கிறதே என்று இதைக் குறைக்காதீர்கள், ஏனென்றால் பாதி வழிக்கு மேல் ஓடை கிடையாது. மடிக்கக்கூடிய கிண்ணம் இரண்டு.

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி மலையேறக் கூடாது. நெஞ்சையும் உடம்பையும் சுற்றிக் கட்டும், முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸ் வேண்டும். பாறையில் தூக்கிவிடவும், வழுக்கும்போது பிடித்து நிறுத்தவும் அந்தக் கைப்பிடி உதவும். கயிறு ஆறடி நீளம், சாதாரணமானது. இழுத்தால் நீளும் சுருள் கயிறு மரங்களில் சிக்கி உயிரை வாங்கும்.

முதலுதவிக்கு: தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி, காஸ், நுண்கிருமி நீக்கும் துடைப்பான், இடுக்கி, உண்ணி எடுக்கும் கொக்கி, நாய்க்கான காலுறை நாலு, மலத்துவாரத்தில் வைக்கும் டிஜிட்டல் வெப்பமானி. இவற்றோடு, நாயை முதுகில் சுமக்கும் தூளி ஒன்று விற்கிறார்கள். அரை கிலோவுக்கும் குறைவான எடை. கனமான நாய் வைத்திருப்பவர்கள் அதை வாங்கியே ஆக வேண்டும் என்பேன். வீட்டில் ஒருமுறை அதில் நாயைத் தூக்கிப் பழகிவிடுங்கள், அப்போதுதான் மலையில் அது திமிறாது.

நம் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால், இபுப்ரோஃபன் இரண்டுமே நாய்க்கு விஷம். நாய்க்கான வலி மருந்து வேண்டுமென்றால் மருத்துவரிடம் முன்னாடியே வாங்கி வையுங்கள்.

அப்புறம் சாப்பாடு. இதில் நம் வீட்டுக் கட்டுச்சோறு விஷயம் கவனமாகப் பார்க்க வேண்டியது. உலர்திராட்சையும் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம் என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். புளியில் அதே அமிலம் நிறைய இருக்கிறது. ஆகவே புளியோதரையில் ஒரு உருண்டைகூட நாய்க்குக் கூடாது. தக்காளி சாதத்தில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், அவையும் ஆகாது. திராட்சை போட்ட சர்க்கரைப் பொங்கல், சாக்லேட்டும் உலர்திராட்சையும் கலந்த டிரெயில் மிக்ஸ், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி போட்ட சூயிங்கம் எல்லாமே அப்படித்தான். உச்சியில் டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் அன்பாக ஒரு வாய் நீட்டுவார்கள். குழந்தைகள் கூட வந்தால் கீழேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். நாய்க்கு அதன் வழக்கமான தீனியையே சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொள்வது பாதுகாப்பு.

நியூ ஹாம்ப்ஷயரில் ஹைக் சேஃப் அட்டை என்று ஒன்று உண்டு. ஒருவருக்கு ஆண்டுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர். கவனக்குறைவால் மீட்புக் குழு வர நேர்ந்தால் அந்த மாநிலத்தில் செலவை நம்மிடம் கேட்கலாம். அட்டை இருந்தால் அந்தச் சுமை பெரும்பாலும் குறையும். வாங்கிவிடுங்கள். ஆனால் நாயைக் கீழே கொண்டுவருவது உங்கள் பொறுப்பு என்றே திட்டமிடுங்கள்.

மலையில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. காகித வரைபடமும், 24 மணி நேரமும் திறந்திருக்கும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணையும் வழியையும் எழுதிய தாளும் கையில் இருக்கட்டும்.

விடியற்காலை

காலை ஆறரைக்கு நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். பாஸ்டனிலிருந்து இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் நாலு மணிக்குக் கிளம்புவது, அல்லது முந்தின இரவே மலைக்குப் பக்கத்து ஊரான லிங்கனில் தங்குவது. கன்காமேகஸ் சாலையில் இருக்கும் ஹேன்காக் முகாம்போல தேசியக் காட்டின் கூடார முகாம்களில் கயிற்றில் கட்டிய நாய்க்கு இடமுண்டு. நெடுஞ்சாலை 93இல் 32ஆம் வெளிவழியில் இறங்கி, 112 மேற்கு, பிறகு 118. அதிலிருந்து ரவைன் சாலை பிரிந்து லாட்ஜுக்குப் போகும். வண்டியைச் சாலையோரம் நிறுத்தலாம். சனிக்கிழமை தாமதமாகப் போனால் அரை மைல் கீழே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும்.

நாய்க்குக் காலைத் தீனி நடக்க ஆரம்பிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, வழக்கத்தில் பாதி. நெஞ்சு ஆழமான பெரிய நாய்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிரே போய்விடும்.

ஏற்றம்

லாட்ஜிலிருந்து கீழே இறங்கி பேக்கர் ஆற்றை நடைபாலத்தில் கடந்ததும் ஏற்றம் ஆரம்பம். முதல் இருபது நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். நாய்கள் அப்போது உற்சாகத்தில் துள்ளிக்கொண்டிருக்கும்; அங்கே செலவழிக்கும் சக்தி மேலே கிடைக்காது.

ஒரு மைலுக்கு அரை மணி, ஒவ்வொரு 1,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு அரை மணி என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் போடும் கணக்கு. அதன்படி உச்சிக்கு மூன்று மணி நேரம் கொஞ்சம் சொச்சம். நாய்களுக்கான நிறுத்தங்களையும் சேர்த்து மூன்றரை என்று வையுங்கள்.

ஓடையைச் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இது எல்லா நாளும், எல்லா நாய்க்கும். தண்ணீர் குடிக்கட்டும், வயிறும் கால்களும் நனையட்டும். முதுகைவிட அடிவயிறு, தொடையிடுக்கு, பாதம் நனைவதில்தான் சூடு சீக்கிரம் இறங்கும். ஓடும் தண்ணீர் தேங்கிய குட்டையைவிட நல்லது, ஆனாலும் வயிற்றுப்போக்கு வரவைக்கும் ஜியார்டியா கிருமி அதில் இல்லை என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஆகவே முதலில் கிண்ணத்தில் நம் தண்ணீர், பிறகு ஓடை. பச்சைப் படலம் படிந்த குட்டையில் வாய் வைக்க விடாதீர்கள். அதே ஐந்து நிமிடத்தில் நாலு பாதத்தையும் தூக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் கல், கீறல், அடிமெத்தையில் பளபளப்பான சிவப்பு ஏதாவது தெரிந்தால் அங்கேயே காலுறை போட்டுவிடுங்கள். நாய் நொண்டும் வரை காத்திருந்தால் தாமதம்.

கயிற்றை அவிழ்க்காதீர்கள். கட்டளை கேட்கும் நாய்தானே என்று பலரும் அவிழ்த்துவிடுகிறார்கள். அந்தக் காட்டில் முள்ளம்பன்றி சாதாரணம். அதன் முள்ளின் நுனியில் கொக்கிபோன்ற செதில்கள் இருப்பதால் குத்திய முள் நாளாக நாளாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முகம் முழுக்க முள்ளோடு வரும் நாயை மயக்க மருந்து கொடுத்துத்தான் சரிசெய்ய முடியும். முள்ளை வெட்டிவிட்டால் காற்று இறங்கி எளிதாக வரும் என்று சொல்வது பொய். வெட்டினால் பிடிப்பதற்கு நுனி மிஞ்சாது. மூஸையோ மானையோ நாய் துரத்துவது அங்கே சட்டப்படியும் குற்றம். எல்லாவற்றுக்கும் மேலே, எதிரே வருகிறவர்களில் நாய்க்குப் பயப்படுகிறவர்கள் இருப்பார்கள். ஒருவரோ ஒரு குடும்பமோ வந்தால் பாதையின் ஓரத்தில் ஒதுங்கி, நாய்களை உட்காரவைத்து, அவர்களைப் போகவிடுங்கள்.

மலத்தைப் பையில் எடுத்து, பையை உங்களோடு கீழே கொண்டுவாருங்கள். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று மரத்தடியில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் பாதையையே அசிங்கமாக்கிவிட்டது. சுற்றுப் பாதையில் நீங்கள் அந்த இடத்துக்குத் திரும்பவும் வரப்போவதில்லை.

பாதி வழியில் பாதை ஓடையை விட்டு விலகுகிறது. அன்றைய நாளின் மிக முக்கியமான இடம் இதுதான். இதற்கு மேல் உச்சி வரை நம்பத்தக்க தண்ணீர் இல்லை. பத்து நிமிடம் உட்காருங்கள், நாய்களைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் இரைப்பு தணிந்து வாய் மூடியதா? தீனித் துண்டு நீட்டினால் ஆர்வமாக வாங்குகிறதா? எழுந்தபோது நாலு காலிலும் ஒரே மாதிரி நிற்கிறதா? இரண்டு நாய்க்கும் மூன்று கேள்விக்கும் ஆம் என்றால் மேலே. ஒன்றுக்கு இல்லை என்றாலும் திரும்பிவிடுங்கள். ஓடையோரமாகவே கீழே போய், ஆற்றில் நாய்களை விளையாட விட்டுவிட்டு வந்தால் அதுவும் அருமையான நாள்தான்.

மரங்களுக்கு மேலே

கடைசிப் பகுதியில் மரங்கள் இடுப்பளவுக்குக் குறுகி, பிறகு காணாமலே போகும். கற்குவியல்கள்தான் வழிகாட்டி. அங்கே தரையோடு ஒட்டி வளரும் செடிகள் வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே வளரக்கூடியவை. காற்றும் பனியும் தாங்கும், மிதித்தால் தாங்காது. புல்வெளி மாதிரி தெரிவதால் நாயை ஓடவிடத் தோன்றும். விடாதீர்கள். கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, பாதையிலும் பாறையிலும் மட்டுமே நடங்கள்.

வெயில் நேரடியாக அடித்தால் புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். உச்சியில் பழைய விடுதியின் அடித்தளக் கற்கள் கிடக்கின்றன. காற்று பலமாக இருந்தால் அவற்றின் மறைவில் உட்காரலாம். நாய்க்கு ஒரு கைப்பிடித் தீனி, தண்ணீர். நாற்பது நிமிடம் போதும். மேற்கே மேகம் கறுத்தால் அந்த நாற்பது நிமிடமும் வேண்டாம்.

இறக்கம்

நாய் தன் எடையில் பெரும்பகுதியை முன்னங்காலில் தாங்கும். இறக்கத்தில் அது இன்னும் கூடும். நாய்களுக்கு அடிபடுவதும் களைப்பில் கால் பிசகுவதும் இங்கேதான். பாறைப் படிகளில் குதிக்க விடாமல் ஹார்னஸ் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். கேரேஜ் ரோடு வந்ததும் நடை சீராகிவிடும். ஆனால் அந்தச் சாலையில் தண்ணீர் குறைவு, ஸ்னாப்பர் பாதைக்கு வரும்வரை பையில் மீதி இருக்க வேண்டும். உச்சியில் கிளம்பும்போது நாய்த் தண்ணீரில் பாதியாவது மிச்சமில்லை என்றால், வந்த வழியே இறங்குங்கள். ஓடை சீக்கிரம் வந்துவிடும்.

வெப்பத் தாக்கு

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். அறிகுறிகள் இப்படி வரும்: நின்ற பிறகும் தணியாத இரைப்பு, கரண்டிபோல அகன்று தொங்கும் நாக்கு, பிசினாக ஒழுகும் எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, நிழலைக் கண்டதும் படுத்துக்கொண்டு எழ மறுப்பது. தள்ளாட்டமும் வாந்தியும் வந்தால் நிலைமை முற்றிவிட்டது.

முதலில் குளிர்விக்க வேண்டும், தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்குப் பிறகு. ஓடை பக்கத்தில் இருந்தால் தலையை மட்டும் மேலே பிடித்துக்கொண்டு உடம்பைத் தண்ணீரில் இறக்குங்கள். ஓடை இல்லையென்றால் இருக்கிற தண்ணீரை எல்லாம், உங்கள் குடிநீரையும் சேர்த்து, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, தொப்பியாலோ வரைபடத்தாலோ விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், துண்டு சூடாகி உள்ளேயே வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயில் ஊற்றாதீர்கள். வெப்பமானி 103.5க்கு வந்ததும் நனைப்பதை நிறுத்திவிட்டு, தூளியில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போங்கள். எழுந்து வாலாட்டினாலும் போங்கள். சிறுநீரகப் பாதிப்பு ஒரு நாள் கழித்துத்தான் தெரியும்.

வண்டிக்கு வந்த பிறகு

ஏசி போட்டு வண்டி குளிர்ந்ததும் நாய்களை ஏற்றுங்கள். திரும்பும் வழியில் காபி வாங்க ஐந்து நிமிடம் என்று அடைத்துவைத்துவிட்டுப் போகாதீர்கள். மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறிவிடும். தீனி ஒரு மணி நேரம் கழித்து.

வீட்டுக்கு வந்ததும் உண்ணி தேடுங்கள். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், விரலிடுக்கில், வாலின் அடியில். கருங்கால் உண்ணியின் இளம்பருவம் கசகசா விதை அளவுதான் இருக்கும், கண்ணைவிட விரல் நுனிதான் கண்டுபிடிக்கும். லைம் நோய்க் கிருமி உடலுக்குள் இறங்க உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றிரவே எடுத்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. கொக்கியைத் தோலோடு ஒட்டிச் செருகி, மெதுவாக மேலே இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வேண்டாம். உங்கள் கால்களிலும் பாருங்கள்.

மறுநாள் நாய் கொஞ்சம் விறைப்பாக நடந்து, அதிகம் தூங்கினால் அது இயல்பு. வால் அசையாமல் தொங்கினால் குளிர்ந்த தண்ணீரிலும் களைப்பிலும் வரும் தசைப்பிடிப்பாக இருக்கலாம், சில நாளில் சரியாகும். இரண்டு நாளுக்கு மேல் நொண்டினாலோ, சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். லைம் நோயின் அறிகுறி மாதக்கணக்கில் கழித்தும் வரும். இலையுதிர்காலத்தில் காரணமில்லாமல் காய்ச்சல் வந்தாலோ, நொண்டல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாலோ, கோடையில் மலைக்குப் போன தேதியையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.